இரண்டாவது பக்கப் பலகை

கிட்டாரின் இடுப்பில்தான் பலகை உடையும். மேலே அகன்று, நடுவில் ஒடுங்கி, கீழே மறுபடி அகலுகிறதே, அந்த ஒடுங்கிய இடம். அதைச் சுற்றி வரும் பக்கப் பலகைகள் இரண்டு. பள்ளிக்கூடத்து மர ஸ்கேலை விட மெல்லியதாக இழைத்து, தண்ணீரில் ஊறவைத்து, சூடு காட்டி வளைக்க வேண்டும். வளையும்போது சில சமயம் மரம் ஒரு சத்தம் போடும். முறுகல் தோசையை மடித்தால் வருகிற மாதிரி மெல்லிய சத்தம். அது கேட்டால் கையை நிறுத்த வேண்டும். கேட்ட பிறகு நிறுத்தினால் பெரும்பாலும் தாமதம்தான்.

நான் பத்தாவது வரை படித்தவன். அதற்குப் பிறகு கதவு, ஜன்னல் செய்யும் பட்டறையில் பல வருஷம் இருந்தேன். இப்போது சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், தகரக் கூரை போட்ட ஷெட்டில் கிட்டார் செய்கிறோம், பழுதும் பார்க்கிறோம். நாங்கள் என்றால் நானும் என் கூட்டாளியும். அவன் பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து தினமும் பைக்கில் வருவான். வருகிறவர்களிடம் பேசுவது அவன் வேலை. எனக்கு அது வராது. யாராவது வாசலில் வந்து நின்றால், கையில் இருக்கிற வேலையை இன்னும் கொஞ்சம் குனிந்து பார்ப்பேன். அதற்குள் அவன் எழுந்து போயிருப்பான்.

எங்கள் இருவருக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. எனக்குப் பழைய முறை. ஒரு இரும்புக் குழாய், அதற்குள் தீ. ஈரப் பலகையைக் குழாயின் மேல் வைத்து இரண்டு கையாலும் மெதுவாக அழுத்தினால், ஒரு கட்டத்தில் மரம் விட்டுக்கொடுக்கும். அது உள்ளங்கையில் தெரியும். அவனுக்கு மெஷின். மின்சாரத்தில் சூடாகிற ரப்பர் போர்வையால் பலகையை மூடி, கிட்டார் வடிவ அச்சின் மேல் வைத்துத் திருகினால் போதும், தானாகவே வளைந்துவிடும்.

"நம்பர்ல காட்டுது மச்சான், எவ்ளோ சூடுன்னு. ஒன் கையில இன்னா நம்பர் கீது?" என்பான்.

மரத்திலும் இதே சண்டைதான். கோவளம் பக்கம் ஹோட்டல்களில் வாசிக்கிற பையன்கள் கிட்டார்களைக் கொண்டுவருவார்கள். முழு மரத்தில் செய்தது கடல் காற்றில் உப்பி, ஏசி அறையில் சுருங்கி, கடைசியில் வெடித்து வரும். மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்தது எதற்கும் அசையாது. ஆனால் முழு மரத்தின் சத்தம் வேறு. வாசிக்க வாசிக்கத் திறந்துகொண்டே போகும். இதைச் சொன்னால் அவன் சிரிப்பான். "தொறக்குதுதான், யாரு இல்லன்னா? வூட்டுக்கு எடுத்துனு போனா ஒட்டு மொத்தமா தொறந்துக்குது."

ஷெட்டின் சொந்தக்காரர் சேலையூரின் பழைய குடும்பத்துக்காரர்; எங்களுக்குள் அவரை ஐயா என்போம். அவர் குடும்பம் நெல் போட்ட நிலத்தில் இப்போது கடைகள் நிற்கின்றன. மனைவி தவறி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவதற்கு ஒரு பில்டரிடம் கொடுத்துவிட்டு, அவரும் மகளும் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்தார்கள். மகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்களிடம் தந்தி மாற்ற வருவார், நன்றாக வாசிப்பார்.

அந்த வீட்டுக் கூடத்தில் ஈட்டி மரத்தில் ஒரு ஊஞ்சல் இருந்தது. டீச்சருடைய அம்மாவின் இடம் அது. காய் நறுக்குவது, போன் பேசுவது, பேப்பர் படிப்பது எல்லாம் அதில் உட்கார்ந்துதான். புது ஃப்ளாட்டின் கூரையில் ஊஞ்சலுக்குக் கொக்கி போட முடியாது என்று பில்டர் சொல்லிவிட்டார். அந்தப் பலகையில் ஒரு கிட்டார் செய்துகொள்ளட்டுமா என்று டீச்சர் அப்பாவிடம் கேட்டிருக்கிறார். "என்னவோ பண்ணு" என்றாராம்.

அப்பா 'என்னவோ பண்ணு' என்றால் அதைச் சம்மதம் என்று எங்கள் பக்கத்தில் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டோம். டீச்சர் எடுத்துக்கொண்டார்.

பலகையை அறுவை மில்லில் பிளந்தபோதுதான் உள்ளே இருந்த சங்கதி தெரிந்தது. சங்கிலி போட்ட இடங்களிலிருந்து நீளமாக வெடிப்பு ஓடியிருந்தது. அங்கங்கே ஆணி. அத்தனை பெரிய பலகையில் ஒரு கிட்டாருக்கான மரம்தான் தேறியது. முதுகுக்கு இரண்டு துண்டு, பக்கத்துக்கு இரண்டு. மிச்சமிருந்த ஒரு நீளத் துண்டில் நடுவே ஆணி ஓட்டை.

அந்தத் துண்டுகளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த அன்று ஐயா ஷெட்டுக்கு வந்தார். பார்த்தார். "இதுவா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே வீடு, இரண்டே பேர். "சாப்பாடு போடவான்னு கேட்டாக்கூட தட்டைத்தான் பாக்கறாரு, என்னைப் பாக்கறதில்ல" என்று டீச்சர் என் கூட்டாளியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

ஆனால் ஷெட்டுக்குத் தினமும் வந்தார். வாசலை ஒட்டி பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். முதுகுப் பலகையை இழைக்கும்போது பார்த்துக்கொண்டே இருப்பார். பலகை உடைவதற்காகக் காத்திருக்கிறாரா, உடைந்துவிடுமோ என்று பயப்படுகிறாரா, முகத்தில் ஒன்றும் தெரியாது. எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது. கிட்டார் ஆகிவிட்டால் டீச்சர் அம்மாவின் பலகையை ஏதோ ஒன்றாக்கினார் என்று ஆகும். உடைந்துவிட்டால், அதை அறுத்துக் குப்பையாக்கிய மகள் என்றுதான் அந்த வீட்டில் மிச்ச காலமும் இருக்க வேண்டும்.

அதனால் மெஷினில் வளைத்துவிடலாம் என்று கூட்டாளி மெதுவாக எடுத்துச் சொன்னான். டீச்சர் கேட்கவில்லை.

"மெஷின் வேணாம்ணா, ப்ளீஸ். எல்லாமே பழைய மெத்தட்லயே பண்ணுங்க. கையால வளைங்க. அம்மாவோட பலகை, அதை யாராவது கையால தொட்டு செய்யணும்னு இருக்கு."

"கையால தொட்டுத்தான் டீச்சர் மெஷின்லயும் வெப்போம்" என்றான் அவன். அவர் சிரிக்கவில்லை. அவன் என் பக்கம் திரும்பி, "ஒனக்குத்தான் ஓட்டு வுழுந்துகீது. பாத்துப் பண்ணு" என்றான்.

பள்ளி விடுமுறை என்பதால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வைத்துக்கொண்டோம். டீச்சர் ஸ்கூட்டியில் வந்தார். ஐயா தனியாக நடந்து வந்தார். இரண்டு பேரும் ஒரே வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் என்று தெரியாதவன் சொல்ல முடியாது.

முதல் பலகையை எடுத்தேன். குழாய் சூடானதும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், உருண்டு ஓடியது. பலகையை வைத்து அழுத்தினேன். ஈட்டி மரம் சூடானால் ஒரு இனிப்பு வாசனை வரும். ஷெட் முழுக்க அந்த வாசனை பரவியது. இடுப்பு வளைவில் மரம் கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தது. முழங்கையில் வியர்வை ஓடியது. பிறகு, சட்டென்று, மரம் இளகியது. அதற்கப்புறம் மேல் வளைவும் கீழ் வளைவும் அடங்கி வந்தன. அச்சில் பொருத்தி கிளாம்ப் போட்டுத் திரும்பினால், டீச்சர் வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். கூட்டாளி, "சூப்பர் மச்சான்" என்றான். ஐயா மணியைப் பார்த்தார்.

இரண்டாவது பலகையை ஊறலிலிருந்து எடுத்து, ஒருமுறை குழாயில் முழுக்கச் சூடு காட்டிக்கொண்டேன். வளைக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது ஐயா எழுந்தார்.

"இருப்பா. நாலரை ஆயிடுச்சு. ராகு காலம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டாளிதான் கேட்டான். "சார், வேல அப்பவே ஆரம்பிச்சாச்சே. ஆரம்பிச்ச வேலைக்கு ராகு காலம் ஏது?"

"அது முடிஞ்சிருச்சு. இது இன்னொண்ணு. புதுசா ஒண்ண இப்ப தொடங்கக் கூடாது."

"ரெண்டும் சேர்ந்துதான் சார் ஒரு கிட்டாரு. ரெட்டைப் புள்ளைல ஒண்ணு பொறந்துட்டு, நாலரை ஆச்சு நீ இரும்மான்னு இன்னொண்ண நிறுத்துவாங்களா?"

"அது பொறக்கறது. இது ஒடையறது."

ஷெட் அவருடையது, பலகை அவர் வீட்டுடையது. டீச்சர் என்னைப் பார்த்தார். அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் இன்னும் மோசமாகும் என்று அவர் முகம் சொன்னது. "வெயிட் பண்ணலாம்ணா, பரவாயில்லையா?" என்றார்.

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஊறிச் சூடேறிய மரம் அப்படியே வளைந்துவிட வேண்டும். ஆறவிட்டால் உள்ளே இருக்கிற ஈரம் ஓடிவிடும், மறுபடி நனைத்தாலும் முதல் தடவை மாதிரி இறங்காது. இதையெல்லாம் சொல்ல வேண்டியவன் நான்தான். சொல்வதற்கு வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே ஐயா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தலையை ஆட்டிவிட்டு, பலகையை ஈரத்துணியில் சுற்றி வைத்தேன்.

தகரக் கூரையின் சூடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஈரத்துணி காய்ந்தது, மறுபடி நனைத்தேன், மறுபடி காய்ந்தது. கூட்டாளி டீ வாங்கி வந்தான். ஐயா வாங்கிக்கொண்டார், டீச்சர் வேண்டாமென்றார். விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு சின்ன விமானம் கூரைக்கு மேலே வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. டீச்சர் மேஜைமேல் கிடந்த உப்புத்தாள் துண்டைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"ஆறு மணிக்கு மேல நல்லா வளையும்ல அண்ணா?"

"பாக்கலாம்மா."

ஆறு அடித்ததும் ஐயாவே எழுந்து, "ஆரம்பிப்பா" என்றார். குழாயைச் சூடாக்கினேன். பலகையைத் தொட்டபோதே அது வேறு பலகை மாதிரி இருந்தது. விறைப்பாக இருந்தது. தண்ணீர் தொட்டுத் தொட்டு, வழக்கத்தை விட அதிக நேரம் சூடு காட்டினேன். இனிப்பு வாசனையோடு லேசான தீய்ச்சல் வாசனையும் வந்தது. கூட்டாளி என் பக்கத்தில் வந்து நின்றான். மெல்ல, "அவசரம் வேணா" என்றான். இடுப்பு வளைவு பாதி இறங்கியது. முக்கால் இறங்கியது. இன்னும் ஒரு விரல் அளவுதான்.

அந்தச் சத்தம் வந்தது.

கையை எடுத்தேன். இடுப்பின் வெளிப் பக்கத்தில், குறுக்கே, நாரெல்லாம் கிளம்பி ஒரு வெடிப்பு. துண்டாகவில்லை. ஆனால் பார்க்கிற யாருக்கும் தெரியும்.

டீச்சர் திரும்பி, உளிகள் மாட்டியிருந்த சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். தோள் மட்டும் ஏறி இறங்கியது. என் கூட்டாளி ஐயாவைப் பார்த்து வாயைத் திறந்தான். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவன் அடக்கிக்கொண்டான், ஆனால் கையிலிருந்த டீ கிளாஸை மேஜையில் 'டக்'கென்று வைத்தான்.

ஐயா கிட்டே வந்தார். கட்டை விரலால் வெடிப்பைத் தடவினார். ஒரு சிம்பு விரலில் குத்தியது. அதைப் பிடுங்கிப் போடவில்லை.

"உள்ள வரைக்கும் போயிருச்சா?"

"பாதிக் கனம் போயிருக்கு சார்."

"நான் நிறுத்தச் சொன்னதாலயா?"

அப்படிக் கேட்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. டீச்சர் தோள் அசையாமல் நின்றது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்றும் சொல்லியிருக்கலாம்.

"தெரியல சார். ஈரம் போயிருக்கலாம். என் கை கொஞ்சம் அழுத்தியிருக்கலாம். மரமும் பழசு. இதுதான்னு என்னால சொல்ல முடியல."

நான் சொன்னது உண்மை. இன்றும் எனக்குத் தெரியாது.

அவர் தலையை ஆட்டினார். அந்த இடத்தில்தான் கூட்டாளி பேசினான். அவன் குரலில் கோபம் இல்லை, வேலைக்காரன் குரல். "சார், இத்த இப்டியே வுட வேணாம். வெடிப்புல பசை வுட்டு ஒட்டிட்டு, உள்பக்கம் இன்னொரு மெல்லிசு பலகைய மெஷின்ல வளைச்சு ஒட்டிடலாம். ரெண்டு லேயரு ஆயிடும். யான வந்து மிதிச்சாலும் ஒடையாது."

"அதாவது பிளைவுட்டு" என்றார் ஐயா.

"பிளைவுட்டு இல்ல சார்..."

"ரெண்டு அடுக்கு ஒட்டினா அதுக்கு பேரு இன்னாப்பா? என் பொண்டாட்டி ஒக்காந்த பலகைய அறுத்து, ஒடைச்சு, கடைசில பிளைவுட்டு ஆக்கித் தர்றீங்களா?"

கூட்டாளிக்கு வார்த்தை வரவில்லை. அவனுக்கு வார்த்தை வராமல் நான் பார்த்ததே இல்லை. டீச்சரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார். பழைய முறை வேண்டும், ஒரே மரம் வேண்டும் என்று கேட்டவர் அவர். இரண்டு பக்கமும் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் அங்கே.

"சார், பழைய முறைல இதுக்கு வழி இருக்கு" என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "வெடிப்பை ஒட்டிட்டு, உள்ள குறுக்க சின்னச் சின்ன மரப் பட்டை வெச்சு ஒட்டுவோம். காலங்காலமா அப்டித்தான். நல்லாத்தான் நிக்கும். ஆனா இது இடுப்பு. தந்தியோட இழுவை இருக்கு. டீச்சர் ஏசி ரூம்ல வெச்சா, மழைக்காலத்துல வெளிய எடுத்துட்டுப் போனா, மறுபடி அதே இடத்துல வாய் திறக்கும். திறக்காமயும் இருக்கலாம். என்னால உறுதி சொல்ல முடியாது."

கூட்டாளியைக் கை காட்டித் தொடர்ந்தேன்.

"இவன் சொல்றது பிளைவுட் இல்ல. பிளைவுட்ல உள்ள எந்த மரம் இருக்குன்னு யாருக்கும் தெரியாது. இது ரெண்டும் அதே ஊஞ்சல் மரம். ஆணி ஓட்டையோட ஒரு துண்டு மிச்சம் இருக்கு. தனியா நிக்காது, ஆனா இழைச்சு மெல்லிசாக்கி உள்ள ஒட்டலாம். உடையாத பலகையைக்கூட வேணும்னே இப்டி ரெண்டு அடுக்கா செய்யறவங்க இருக்காங்க சார், பலத்துக்காக. சத்தம் குறையாது. வெளிய அந்த வெடிப்புக் கோடு தெரியும். அதை மறைக்க மாட்டோம்."

நான் அவரிடம் அதுவரை பேசிய எல்லாவற்றையும் சேர்த்தால்கூட இவ்வளவு வராது. கூட்டாளி என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை வருஷம் வாசலில் என்னை ஏன் பேச வைத்தாய் என்று கேட்பது போல ஒன்று இருந்தது.

ஐயா மகளைப் பார்க்காமல் நின்றார். டீச்சர்தான் சொன்னார்.

"நீங்களே சொல்லுங்கப்பா. நீங்க வேணாம்னா இதோட விட்டுடறேன். எல்லாத்தையும் கட்டி வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடறேன்."

கேம்ப் ரோட்டில் ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே போனது. ஐயா வெடிப்பை மறுபடி தடவினார்.

"வாசிக்கப் போறது நீ" என்றார். முகம் பலகையின் பக்கம்தான் இருந்தது. "என்ன எதுக்குக் கேக்கற? ஒனக்கு எது வேணும், அத சொல்லு."

பல வாரம் கழித்து மகளிடம் அவர் பேசியது அதுதான். டீச்சர் வெடித்த பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு அடுக்கே போடுங்கண்ணா" என்றார். "ஒடையாம இருந்தா போதும்."

அன்று ராத்திரியே, வெடித்த பலகையின் மிச்ச வளைவை மெதுவாக இறக்கிவிட்டு, ஆணி ஓட்டைத் துண்டை இழைத்தேன். கூட்டாளி மெஷினைப் போட்டான். அந்த மெல்லிய பலகை, நான் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடிப்பதற்குள், ஒரு முனகல்கூட இல்லாமல் அச்சில் படிந்துவிட்டது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒட்டுவதுதான் கடினம். இரண்டு டியூபைக் கலந்து பூசுகிற பசை. கலந்துவிட்டால் நேரம் ஓட ஆரம்பித்துவிடும். அடுக்குகள் வழுக்கும். நகர்ந்து பிடித்துக்கொண்டால் அவ்வளவுதான், மறுபடி பிரிக்க முடியாது. வெடிப்பிலும் இரண்டு அடுக்குக்கு நடுவிலும் பூசி, அச்சில் வைத்து, முதல் கிளாம்பை இறுக்கும்போதே ஒரு முனை நழுவியது. இன்னொரு முனையும் நழுவியது. எங்கள் இருவருக்கும் நாலு கை போதவில்லை.

"டீச்சர், இங்க புடிங்க!" என்றான் கூட்டாளி. "சார், நீங்க அந்தாண்ட. அமுக்கிப் புடிங்க, நவுரக் கூடாது!"

ஐயாவிடம் அவன் அந்தக் குரலில் பேசியதே இல்லை. அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு வந்து அமுக்கிப் பிடித்தார். அப்பா ஒரு முனை, மகள் ஒரு முனை, நடுவே இடுப்பில் நான் ஒவ்வொரு கிளாம்பாக இறுக்கிக்கொண்டு வந்தேன். பசை ஓரங்களில் பிதுங்கியது. சிம்பு குத்திய விரலில் அது பட்டிருக்க வேண்டும், அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கையை அசைக்கவில்லை.

"அம்மா பாத்திருந்தா செம திட்டு விழுந்திருக்கும்" என்றார் டீச்சர், அச்சைப் பார்த்தபடியே.

"ஒனக்கா? ஒனக்கு ஏன் விழப்போவுது? எனக்குத்தான் விழுந்திருக்கும்." அவர் தன் முனையை இன்னும் அமுக்கினார். "பெத்த பொண்ணுகிட்ட இத்தன நாளா வாயத் தொறக்காம என்னய்யா பண்ணிட்டிருந்தே, அப்டின்னு."

டீச்சர் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். அவரும் பார்த்தார். நான் அடுத்த கிளாம்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"பேசுங்க சார், நல்லா பேசுங்க" என்றான் கூட்டாளி, கீழே திருகிக்கொண்டே. "கைய மட்டும் எடுத்துடாதீங்க. இன்னும் புடிக்கல."